வினவல்களில் தேதிக் கணக்கு: முதல் கேள்வியிலிருந்து கடைசிச் சோதனை வரை

தரவுத்தளத்திடம் விவரம் கேட்டு எழுதும் கட்டளையை வினவல் என்கிறோம். தேதியைக் கொண்டு கணக்குப் போடும் வினவல் தவறாக எழுதப்பட்டிருந்தாலும் பெரும்பாலும் பிழைச்செய்தி தராது. அது ஓர் எண்ணைத் தரும். அந்த எண் சரியான விடையைப் போலவே தோன்றும். ஆண்டு இறுதியில் கணக்காளர் தன் பதிவேட்டோடு ஒப்பிடும்போதுதான் சில ஆயிரம் ரூபாய் இடிப்பது தெரியவரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பலருக்கு இதைச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில், அவர்கள் தடுமாறும் இடங்கள் ஏறத்தாழ எப்போதும் ஒன்றாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முதலில் தரவுத்தளத்தில் ஆயத்தமாக உள்ள எந்த ஃபங்ஷனைப் (கணக்கிடும் கட்டளையை) பயன்படுத்துவது என்று தேடுகிறார்கள். ஃபங்ஷனைத் தேடுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன் முடிக்க வேண்டியவை இருக்கின்றன. அந்த வரிசையிலேயே இந்த வழிகாட்டி செல்கிறது.

எடுத்துக்காட்டுக்குப் பால் பூத்துகளின் விற்பனையைப் பதிவுசெய்யும் ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அட்டவணையின் பெயர் விற்பனை. அதில் விற்ற_நேரம், தொகை என்ற இரண்டு நெடுவரிசைகள் நமக்குப் போதும். விளக்கத்துக்குப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தை அடிப்படையாகக் கொள்கிறேன். மற்றத் தரவுத்தளங்கள் (ஆரக்கிள், எஸ்க்யூலைட், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர்) மாறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

முதலாவதாக, அந்த நெடுவரிசையின் உண்மையான வகை என்ன என்று அட்டவணையின் வரையறையைத் திறந்து பாருங்கள். திரையில் தெரிவதை நம்பக் கூடாது. ஆரக்கிளில் டேட் என்ற வகைக்குள் மணி, நிமிடம், நொடி மூன்றும் இருக்கின்றன; இயல்பான காட்சி அமைப்பில் நாள் மட்டும் தெரிவதால், 'ஏப்ரல் 1-க்குச் சமம்' என்று நிபந்தனை எழுதிவிட்டு, ஏன் ஒரு வரியும் வரவில்லை என்று புதியவர்கள் திகைக்கிறார்கள். எஸ்க்யூலைட்டில் தேதிக்கென்று தனி வகையே கிடையாது. அங்கே தேதி எழுத்தாகவோ எண்ணாகவோதான் சேமிக்கப்படுகிறது.

மைஎஸ்க்யூஎல்லில் டேட்டைம், டைம்ஸ்டாம்ப் என்று இரண்டு வகைகள் உண்டு. டேட்டைம் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். டைம்ஸ்டாம்ப் யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமித்து, எடுக்கும்போது இணைப்பின் நேர மண்டலத்துக்கு மாற்றித் தரும். தவிர, அந்த டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19 வரைதான் எட்டும். 2024-இல் 20 ஆண்டு தவணையில் தந்த வீட்டுக்கடனின் கடைசித் தவணை நாளை அதில் சேமிக்கவே முடியாது.

இரண்டாவதாக, உங்கள் இணைப்பு எந்த நேர மண்டலத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் ஷோ டைம்ஸோன் என்ற கட்டளை இதைச் சொல்லும். உங்கள் மடிக்கணினியில் இந்திய நேரமும் சர்வரில் யூடிசியும் அமைந்திருந்தால், ஒரே வினவல் இரண்டு இடங்களில் இரண்டு விதமான நாள்வாரித் தொகைகளைத் தரும்.

2. கேள்வியை ஒரு முழு வாக்கியமாக எழுதுதல்

'போன மாத விற்பனை வேண்டும்' என்று மேலாளர் கேட்கிறார். இது கேள்வியே தவிர, வினவலுக்குப் போதுமான வரையறை அல்ல. நாள்காட்டியின் முந்தைய மாதமா, இன்றிலிருந்து பின்னோக்கி 30 நாளா, இன்றைய நாள் அதில் சேருமா என்பவை தீரும் வரை தட்டச்சுப் பலகையில் கை வைக்க வேண்டாம்.

'எத்தனை நாள்' என்ற கேள்வி இன்னும் ஏமாற்றும். ஏப்ரல் 10 முதல் ஏப்ரல் 12 வரை தங்கும் விடுதியில் இருந்தால் 2 இரவுகளுக்கு வாடகை. அதே தேதிகளில் விடுப்பு எடுத்தால் 3 நாள் விடுப்பு. கழித்தல் இரண்டுக்கும் ஒன்றே, விடை வேறு. தரவுத்தளம் 2 என்று தரும். 1 கூட்ட வேண்டுமா என்பதை அந்தத் தொழிலின் விதிதான் சொல்ல வேண்டும்.

ஆகவே, 'இந்திய நேரப்படி ஏப்ரல் 1 நள்ளிரவு தொடங்கி, மே 1 நள்ளிரவுக்கு முன்பு வரை பதிவான விற்பனைத் தொகையின் கூட்டல்' என்பதைப் போல முழு வாக்கியமாக எழுதி, கேட்டவரிடம் காட்டி ஒப்புதல் பெறுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு படியும் இந்த வாக்கியத்தில் உள்ள ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லும்.

3. எழுத்தாகச் சேமிக்கப்பட்ட தேதியை உண்மையான தேதியாக மாற்றுதல்

வகை ஏற்கெனவே சரியாக இருந்தால் இந்தப் படியைக் கடந்துவிடலாம். எக்ஸெல் கோப்பிலிருந்து ஏற்றப்பட்ட அட்டவணைகளில் தேதி '05/04/2024' என்று வெறும் எழுத்தாக இருப்பது வழக்கம். எழுத்தாக ஒப்பிடும்போது '10/01/2025' என்பது '31/12/2024'-க்கு முன்னால் வந்துவிடும். ஏனெனில் இடமிருந்து வலமாக எழுத்தெழுத்தாகத்தான் ஒப்பீடு நடக்கிறது.

மாற்றுவதற்கு முன், '05/04' என்பது ஏப்ரல் 5-ஆ மே 4-ஆ என்று கண்டுபிடிக்க வேண்டும். ஊகிக்காமல் தரவையே கேளுங்கள். முதல் பகுதி 12-ஐத் தாண்டும் வரிகளை ஒரு முறை எண்ணுங்கள். இரண்டாம் பகுதி 12-ஐத் தாண்டும் வரிகளை இன்னொரு முறை எண்ணுங்கள். முதலாவது மட்டும் இருந்தால் நாள்தான் முன்னால் வந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இரண்டுமே இருந்தால் இரண்டு விதக் கோப்புகள் கலந்திருக்கின்றன; அப்போது எந்த வரி எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று தெரியாமல் மாற்றுவது ஆபத்து.

மாற்றும்போது பழைய நெடுவரிசையின் மேலேயே எழுதிவிடாதீர்கள். புதிதாக ஒரு தேதி நெடுவரிசை சேர்த்து, அதில் நிரப்பி, நிரம்பாமல் போன வரிகளைப் பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள். போஸ்ட்கிரெஸ் 10 முதல், டு_டேட் ஃபங்ஷன் பிப்ரவரி 31 போன்ற இல்லாத நாளைக் கண்டால் பிழை சொல்லி நிறுத்திவிடும். அந்தப் பிழையைத் தொல்லையாக நினைக்க வேண்டாம். தவறான வரி எங்கே இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது.

வினவலுக்குள் நீங்கள் எழுதும் தேதியும் '2024-04-01' என்ற ஐஎஸ்ஓ 8601 பன்னாட்டுத் தர வடிவிலேயே இருக்கட்டும். எஸ்க்யூஎல் சர்வரில் பழைய டேட்டைம் வகைக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. மொழி அமைப்பு பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்தால், அந்த வகை '2024-04-01'-ஐ ஜனவரி 4 என்று படிக்கும். அங்கே '20240401' என்று கோடில்லாமல் எழுதுவதே பாதுகாப்பு.

4. 'யாருடைய நாள்' என்று முடிவுசெய்தல்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பால் விற்பனை நிறுவனத்துக்கு நாள்வாரி அறிக்கை எழுதினேன். விற்ற நேரம் யூடிசியில் சேமிக்கப்பட்டிருந்தது. நான் நேரப் பகுதியை வெட்டிவிட்டு நாள்வாரியாகக் கூட்டினேன். மாத மொத்தம் ஏறத்தாழச் சரியாகவே இருந்ததால் எவரும் கேட்கவில்லை. பின்னர் ஒரு பூத்துக்காரர், தன் பூத் திறக்காத ஒரு நாளில் விற்பனை நடந்ததாக அறிக்கை காட்டுகிறது என்றார். அவரது பூத்தின் விற்பனை விடியற்காலை நாலரை மணிக்கே சூடுபிடித்துவிடும். இந்திய நேரம் யூடிசியைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பதால், காலை 5:30-க்கு முன் விற்ற ஒவ்வொரு பாக்கெட்டும் என் அறிக்கையில் முந்தைய நாளில் விழுந்திருந்தது. ஏப்ரல் 1 காலை 4:45-க்கு நடந்த விற்பனை யூடிசியில் மார்ச் 31, 23:15. நாள் மட்டுமன்றி மாதமும், அதோடு நிதியாண்டும் மாறிவிட்டன.

இதைத் தவிர்க்க, நேரத்தை வெட்டும் முன் மண்டலத்தை மாற்ற வேண்டும். இந்த வரிசை முக்கியம். போஸ்ட்கிரெஸ்ஸில் அட் டைம் ஸோன் என்ற அமைப்பு இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் அது எதிரெதிரான இரண்டு வேலைகளைச் செய்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நேர மண்டலமுள்ள டைம்ஸ்டாம்ப்பின் மேல் பயன்படுத்தினால், அந்தக் கணத்தில் அந்த ஊரின் சுவர்க்கடிகாரம் என்ன காட்டியது என்று சொல்லும். மண்டலமில்லாத டைம்ஸ்டாம்ப்பின் மேல் பயன்படுத்தினால், 'இது அந்த ஊரின் கடிகார நேரம்' என்று எடுத்துக்கொண்டு உண்மையான கணத்தைக் கண்டுபிடிக்கும். யூடிசி நேரத்தை மண்டலமில்லாத வகையில் சேமித்திருந்தால், அதை முதலில் யூடிசி என்று அறிவித்து, பிறகு இந்திய நேரத்துக்கு மாற்ற வேண்டும்; ஆகவே அட் டைம் ஸோன் இருமுறை வரும். ஒருமுறை மட்டும் எழுதினால் விடை எதிர்த்திசையில் ஐந்தரை மணி நேரம் நகர்ந்துவிடும்.

மண்டலத்தின் பெயரை 'ஏசியா/கொல்கத்தா' என்று முழுமையாக எழுதுங்கள். 'ஐஎஸ்டி' என்ற சுருக்கம் போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்பான சுருக்கப் பட்டியலில் இஸ்ரேல் நேரத்தைக் குறிக்கிறது. 'யூடிசி+5:30' என்று மண்டலப் பெயராக எழுதுவதும் கூடாது. பாசிக்ஸ் என்ற கணினித் தர முறையில் கூட்டல் குறி கிரீன்விச்சுக்கு மேற்கே என்று பொருள்படுவதால், நேரம் பின்னோக்கிப் போகும். அதே வேளையில், '2024-04-01 00:00+05:30' என்று தேதியோடு ஒட்டி எழுதினால் கூட்டல் குறி கிழக்கையே குறிக்கும். இந்த இரண்டு மரபும் ஒரே தரவுத்தளத்தில் அருகருகே இருப்பதால்தான் ஊர்ப்பெயரைப் பயன்படுத்துமாறு வற்புறுத்துகிறேன்.

ஊர்ப்பெயருக்கு இன்னொரு பயனும் உண்டு. இலங்கையின் நேரம் இன்று இந்திய நேரமே என்றாலும், 1996 அக்டோபர் முதல் 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை அங்கே யூடிசியைவிட 6 மணி நேரம் முன்னால் இருந்தது. அந்தக் காலப் பதிவுகளுக்கு 'ஏசியா/கொழும்பு' என்று எழுதினால் தரவுத்தளம் அந்த அரை மணியைத் தானே பார்த்துக்கொள்ளும். 5:30 என்று எண்ணாக எழுதினால் பார்த்துக்கொள்ளாது.

எல்லாவற்றுக்கும் நேர மண்டலம் வேண்டும் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. விற்பனை ஒரு கணத்தில் நடந்தது. அதற்கு மண்டலம் தேவை. பிறந்த தேதியும் தவணை தேதியும் வெறும் நாள்காட்டி நாள்கள். அவற்றுக்கு டேட் வகையே பொருத்தம். ஆகஸ்ட் 15-இல் பிறந்தவரின் தேதியை நள்ளிரவு நேரத்தோடு யூடிசிக்கு மாற்றினால் ஆகஸ்ட் 14 மாலை 6:30 என்று ஆகி, அங்கிருந்து நாளை மட்டும் எடுக்கும்போது அவர் பிறந்த நாளே மாறிவிடுகிறது.

5. எல்லைகளை அமைத்தல்: தொடக்கம் சேரும், முடிவு சேராது

ஏப்ரல் மாத விற்பனைக்குப் புதியவர்கள் எழுதும் முதல் நிபந்தனை பெரும்பாலும் பிட்வீன்தான்: '2024-04-01'-க்கும் '2024-04-30'-க்கும் இடையில். பிட்வீன் இரண்டு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும் என்று படித்திருப்பதால் 30-ஆம் தேதி முழுவதும் சேரும் என்று நம்புகிறார்கள். ஆனால் நேரத்தோடு ஒப்பிடும்போது '2024-04-30' என்பது அந்த நாளின் நள்ளிரவு 00:00 என்ற ஒரே கணம். அன்று அதற்குப் பிறகு நடந்த விற்பனை அத்தனையும் வெளியே போய்விடும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் அடுத்து '23:59:59' என்று சேர்க்கிறார்கள். நொடிக்குக் கீழே பின்னத்தைச் சேமிக்கும் நெடுவரிசையில் கடைசி நொடிக்குள் பதிவானவை அப்போதும் விடுபடும். '23:59:59.999' என்று எழுதினாலும் தப்ப முடியாது. எஸ்க்யூஎல் சர்வரின் டேட்டைம் வகை மில்லிநொடியை 0, 3, 7 என்று முடியும் எண்களுக்கே முழுமையாக்குவதால், .999 என்பது அடுத்த நாள் நள்ளிரவாக உருண்டுவிடும். மே 1-இன் முதல் கணம் ஏப்ரல் கணக்கில் சேர்ந்துவிடும்.

சரியான வடிவம் இதுதான்:

விற்ற_நேரம் >= '2024-04-01 00:00+05:30'
விற்ற_நேரம் < '2024-05-01 00:00+05:30'

இரண்டு நிபந்தனைகளும் ஒருசேர உண்மையாக இருக்க வேண்டும். முடிவாக எழுதுவது அடுத்த மாதத்தின் தொடக்கம், அது சேராது. மாதத்துக்கு 30 நாளா 31 நாளா, பிப்ரவரிக்கு 28-ஆ 29-ஆ என்ற கேள்வியே இங்கு எழுவதில்லை. ஒரு மாதத்தின் முடிவும் அடுத்த மாதத்தின் தொடக்கமும் ஒரே மதிப்பாக இருப்பதால், எந்த விற்பனையும் இரண்டு மாதங்களில் எண்ணப்படாது. எதுவும் இடையில் விழுந்துவிடவும் முடியாது. டேட் வகை நெடுவரிசைக்குப் பிட்வீன் சரியாகவே வேலை செய்யும் என்றாலும், நாளை ஒருவர் அந்த நெடுவரிசையை நேரமுள்ள வகைக்கு மாற்றினால் பழைய வினவல்கள் சத்தமில்லாமல் தவறிவிடும் என்பதால் நான் எங்கும் இந்த வடிவத்தையே எழுதுகிறேன்.

6. நெடுவரிசையைத் தொடாமல் விடுதல்

'ஆண்டு 2024-ஆகவும் மாதம் 4-ஆகவும் இருக்க வேண்டும்' என்று நெடுவரிசையிலிருந்து ஆண்டையும் மாதத்தையும் பிரித்தெடுத்து எழுதினாலும் அதே விடை வரும். ஆனால் நெடுவரிசையின் மேல் ஒரு ஃபங்ஷனைப் போர்த்திவிட்டால், அந்த நெடுவரிசையில் விரைவாகத் தேட உருவாக்கிய இன்டெக்ஸ் பொதுவாகப் பயன்படாமல் போகும். தொலைபேசிப் புத்தகத்தில் பெயர் அகரவரிசையில் இருக்கும்போது, பெயரின் மூன்றாம் எழுத்தைக் கொண்டு தேடுவதைப் போன்ற நிலை அது. எல்லாப் பக்கங்களையும் புரட்டித்தான் ஆக வேண்டும்.

ஆகவே கணக்கெல்லாம் ஒப்பீட்டுக் குறியின் வலப்பக்கத்தில் நடக்கட்டும். 'விற்ற_நேரத்தோடு 30 நாள் கூட்டினால் இன்றைவிடப் பெரிது' என்று எழுதுவதைவிட, 'விற்ற_நேரம், இன்றிலிருந்து 30 நாள் கழித்ததைவிடப் பெரிது' என்று எழுதுங்கள். பொருள் ஒன்றே, இரண்டாவதில் வலப்பக்கம் ஒருமுறை மட்டும் கணக்கிடப்படும். வினவலின் முன் எக்ஸ்ப்ளெயின் சேர்த்து ஓட்டினால், தரவுத்தளம் இன்டெக்ஸ் வழியே போகிறதா, முழு அட்டவணையையும் படிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

7. இரண்டு தேதிகளுக்கு இடையிலான கால அளவு

இந்தப் படியில் ஒரு தரவுத்தளத்தின் பழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகவே கூடாது. போஸ்ட்கிரெஸ்ஸில் டேட்டிலிருந்து டேட்டைக் கழித்தால் நாள்களின் எண்ணிக்கை முழு எண்ணாக வரும். டைம்ஸ்டாம்ப்பிலிருந்து டைம்ஸ்டாம்ப்பைக் கழித்தால் இன்டர்வல் என்ற வேறு வகை வரும். ஆரக்கிளில் நாள்கள் பின்னத்தோடு வரும், 0.5 என்றால் 12 மணி நேரம். மைஎஸ்க்யூஎல்லில் கழித்தல் குறியைப் பயன்படுத்தவே கூடாது. இரண்டு டேட் மதிப்புகளை அப்படிக் கழித்தால் அவை 20240301, 20240228 என்ற எண்களாக மாறி, விடை 73 என்று வரும். உண்மையான இடைவெளி 2 நாள். அங்கே டேட்டிஃப் ஃபங்ஷனே சரி.

டேட்டிஃப் என்ற அதே பெயர் எஸ்க்யூஎல் சர்வரில் வேறு பொருள் தருகிறது. அங்கே அது கடந்துபோன எல்லைகளை எண்ணும். 2023 டிசம்பர் 31-க்கும் 2024 ஜனவரி 1-க்கும் இடையில் எத்தனை ஆண்டு என்று கேட்டால் 1 என்று சொல்லும். புத்தாண்டு என்ற ஓர் எல்லை தாண்டப்பட்டதே காரணம். இதை வைத்து வயதைக் கணக்கிட்டால், பிறந்தநாள் இன்னும் வராத அனைவருக்கும் ஒரு வயது கூடிவிடும். கிடைத்த ஆண்டுகளைப் பிறந்த தேதியோடு கூட்டிப் பார்த்து, அது இன்றைத் தாண்டினால் 1 கழிக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப்டிஃப், போஸ்ட்கிரெஸ்ஸின் ஏஜ் ஆகிய இரண்டும் நிறைவடைந்த ஆண்டுகளையே எண்ணுவதால் அங்கு இந்தத் திருத்தம் தேவையில்லை. நாள்களை 365-ஆல் வகுப்பது எங்குமே வேண்டாம். லீப் ஆண்டுகள் சேரச் சேர, பிறந்தநாளுக்குச் சில நாள்கள் முன்பே வயது ஏறிவிடும்.

போஸ்ட்கிரெஸ் இன்டர்வலில் இன்னொரு பொறி இருக்கிறது. ஏப்ரல் 10 காலை 10 மணிக்கு வந்த புகார் ஏப்ரல் 12 காலை 9 மணிக்குத் தீர்க்கப்பட்டால், கழித்தல் '1 நாள் 23 மணி' என்று வரும். அதிலிருந்து நாளை மட்டும் பிரித்தெடுத்தால் 1. நாள்காட்டிப்படி 2 நாள் வேண்டுமென்றால், இரண்டையும் இந்திய நேரத்துக்கு மாற்றி, டேட் வகையாக்கிய பிறகே கழிக்க வேண்டும்.

2004 பிப்ரவரி 29-இல் பிறந்தவர் 2023-இல் எந்த நாளில் 19 வயதை நிறைவு செய்கிறார் என்று கேட்டால், போஸ்ட்கிரெஸ் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விடைகளைத் தரும். பிறந்த தேதியோடு 19 ஆண்டு கூட்டினால் பிப்ரவரி 28. ஏஜ் ஃபங்ஷனின்படி மார்ச் 1. இதில் எது சரி என்று தரவுத்தளத்திடம் கேட்டுப் பயனில்லை. வயது வரம்பை விதித்தவரிடம் கேட்டு, விடையை வினவலின் மேலே குறிப்பாக எழுதி வையுங்கள்.

8. மாதங்களைக் கூட்டுதல்

மாதத்துக்கு நிலையான நீளம் கிடையாது. ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் 2024-இல் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றும் பிப்ரவரி 29 என்று தரும். எஸ்க்யூலைட் இயல்பாக மார்ச் 2 என்று தரும். அது 'பிப்ரவரி 31' என்று வைத்துக்கொண்டு மிகுதி நாள்களை மார்ச்சுக்குத் தள்ளுகிறது. ஆரக்கிளில் ஆட்_மந்த்ஸ் பிப்ரவரி 29 தரும். இன்டர்வலாகக் கூட்டினால் பிழை வரும்.

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் தவணை அட்டவணை. 2024 ஜனவரி 31-இல் தந்த கடனுக்கு ஒவ்வொரு தவணையையும் முந்தைய தவணையோடு ஒரு மாதம் கூட்டி உருவாக்கினால், பிப்ரவரி 29, மார்ச் 29, ஏப்ரல் 29 என்று போகும். பிப்ரவரியில் சுருங்கிய நாள் திரும்ப நீளவே இல்லை. இதைத் தடுக்க, எப்போதும் தொடக்க நாளிலிருந்தே கூட்டுங்கள்: தொடக்க நாளோடு 1 மாதம், தொடக்க நாளோடு 2 மாதம், தொடக்க நாளோடு 3 மாதம். அப்போது பிப்ரவரி 29, மார்ச் 31, ஏப்ரல் 30 என்று சரியாக வரும். தவணை எண்ணை அட்டவணையில் சேமித்துவைப்பது இதற்காகத்தான்.

ஆரக்கிளின் ஆட்_மந்த்ஸுக்கு ஒரு தனிக் குணம் உண்டு: கொடுத்த நாள் மாதக் கடைசியாக இருந்தால், விடையும் மாதக் கடைசியாகவே இருக்கும். ஏப்ரல் 30-உடன் ஒரு மாதம் கூட்டினால் அது மே 31 தரும்; மற்றவை மே 30 தரும். ஆரக்கிளிலிருந்து வேறு தரவுத்தளத்துக்கு மாறும் குழுக்கள் இந்த ஒரு நாளைக் கவனிக்காமல் விட்டால், வட்டிக் கணக்கில் அது வெளிப்படும்.

கூட்டலின் வரிசையும் விடையை மாற்றும். 2023 ஜனவரி 30-உடன் முதலில் ஒரு மாதமும் பிறகு ஒரு நாளும் கூட்டினால் மார்ச் 1. முதலில் ஒரு நாளும் பிறகு ஒரு மாதமும் கூட்டினால் பிப்ரவரி 28. 'ஒரு மாதம் கழித்து மறுநாள்' என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அந்தச் சொல்வரிசையிலேயே கூட்டுங்கள்.

போஸ்ட்கிரெஸ்ஸில் டேட்டோடு இன்டர்வலைக் கூட்டினால் விடை டைம்ஸ்டாம்ப்பாக மாறிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தவணை தேதியாக அதைச் சேமிக்கும்போதோ, அதிலிருந்து இன்னொரு டேட்டைக் கழிக்கும்போதோ, மீண்டும் டேட் வகையாக்கிக்கொள்ள வேண்டும்.

9. மாதவாரியாகத் தொகுத்தல்

மாத எண்ணை மட்டும் கொண்டு தொகுத்தால் 2023 ஏப்ரலும் 2024 ஏப்ரலும் ஒன்றாகிவிடும். டேட்_டிரங்க் ஃபங்ஷனால் மாதத் தொடக்கத்துக்கு வெட்டினால் ஆண்டும் கூடவே இருக்கும். போஸ்ட்கிரெஸ் 12 முதல் அதன் மூன்றாம் உள்ளீடாக நேர மண்டலத்தைக் கொடுக்கலாம். நான்காம் படியில் எடுத்த முடிவை இங்கே எழுதிவிடுங்கள்.

இந்திய நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குவதால், இந்திய நேரத்துக்கு மாற்றிய தேதியிலிருந்து 3 மாதம் கழித்து, கிடைப்பதன் ஆண்டை எடுத்தால் நிதியாண்டின் தொடக்க ஆண்டு கிடைக்கும். 2024 மார்ச் 31-இலிருந்து 3 மாதம் கழித்தால் 2023 டிசம்பர் 31. ஆகவே அது 2023–24. ஏப்ரல் 1-இலிருந்து கழித்தால் 2024 ஜனவரி 1. ஆகவே அது 2024–25. நீண்ட கேஸ் நிபந்தனைகள் எழுதத் தேவையில்லை.

வாரக் கணக்கில், ஐஎஸ்ஓ வார எண்ணை நாள்காட்டி ஆண்டோடு சேர்க்காதீர்கள். 2024 டிசம்பர் 30, திங்கட்கிழமை, 2025-இன் முதல் வாரத்தைச் சேர்ந்தது. அதை '2024, வாரம் 1' என்று எழுதிவிட்டால், அதே ஆண்டு ஜனவரியின் முதல் வார விற்பனையோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். ஐஎஸ்ஓ ஆண்டு என்று தனியாக ஒன்று இருக்கிறது. வார எண்ணோடு அதையே பயன்படுத்துங்கள்.

விற்பனையே நடக்காத மாதம் தொகுப்பில் வராது. அது 0 என்று தெரிய வேண்டுமென்றால், ஜெனரேட்_சீரீஸ் கொண்டு மாதங்களின் பட்டியலை முதலில் உருவாக்கி, அதோடு விற்பனை அட்டவணையை லெஃப்ட் ஜாயின் (பட்டியலின் எல்லா வரிகளையும் வைத்துக்கொண்டு இணைத்தல்) செய்ய வேண்டும். விற்பனை மீதான நிபந்தனைகளை ஜாயினின் இணைப்பு விதியைச் சொல்லும் ஆன் (ON) பகுதியிலேயே எழுதுங்கள்; வரிகளை வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் எழுதினால் வெற்று மாதங்கள் மீண்டும் மறைந்துவிடும். எண்ணும்போதும் எல்லா வரிகளையும் எண்ணாமல், விற்பனை அட்டவணையின் ஒரு நெடுவரிசையை எண்ணுங்கள். இல்லாவிட்டால் விற்பனை இல்லாத மாதத்துக்கு 0-க்குப் பதில் 1 வரும்.

10. எல்லை வரிகளைக் கொண்டு சோதித்தல்

உண்மைத் தரவில் ஓட்டும் முன், கையால் விடை சொல்லக்கூடிய பத்து வரிகள் கொண்ட ஒரு சிறு அட்டவணையை உருவாக்குங்கள். மார்ச் 31 இரவு 11:59:59.9, ஏப்ரல் 1 சரியாக நள்ளிரவு, ஏப்ரல் 1 காலை 4:45, ஏப்ரல் 30 இரவு, மே 1 நள்ளிரவு, லீப் ஆண்டின் பிப்ரவரி 29, ஆண்டின் கடைசி நாள், நேரம் பதிவாகாத ஒரு நல் (NULL, அதாவது மதிப்பே இல்லாத) வரி ஆகியவை அதில் கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் தொகையை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே வைத்தால், விடையாக வரும் கூட்டுத்தொகையைப் பார்த்ததுமே எந்த வரி சேர்ந்தது, எது விடுபட்டது என்று சொல்லிவிடலாம்.

'இன்று' என்பதை வினவலுக்குள் நேரடியாக எழுதாமல், வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பாக வையுங்கள். அப்போதுதான் இன்று பிப்ரவரி 29 என்றும், இன்று மார்ச் 31 என்றும் வைத்து ஓட்டிப் பார்க்க முடியும். போஸ்ட்கிரெஸ்ஸின் நவ் ஃபங்ஷன் பரிவர்த்தனை (ஒன்றாக நிறைவேறும் கட்டளைத் தொகுப்பு) தொடங்கிய நேரத்தையே கடைசி வரை தரும். நள்ளிரவைத் தாண்டி ஓடும் இரவுப் பணிகளில் இதைக் கவனிக்க வேண்டும்.

நல் வரிகளைத் தனியாகவே எண்ணுங்கள். முடிவுத் தேதி நிரப்பப்படாத ஒப்பந்தம் பெரும்பாலும் இன்னும் நடப்பில் உள்ள ஒப்பந்தம். 'முடிவுத் தேதி இன்றைவிடப் பெரிது' என்ற நிபந்தனை அதை ஏற்காது, நிராகரித்ததாகச் சொல்லவும் செய்யாது. 'நல் ஆகவோ, இன்றைவிடப் பெரிதாகவோ' என்று இரண்டையும் எழுத வேண்டும். இறுதியாக, பன்னிரண்டு மாதங்களின் தொகைகளையும் நல் வரிகளின் தொகையையும் கூட்டி, தேதி நிபந்தனையே இல்லாமல் அதே அட்டவணையில் எடுத்த மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். சோதனை அட்டவணை முழுவதும் ஒரே நிதியாண்டுக்குள் அடங்காது என்பதால், ஏப்ரல் 1-க்கு முந்தைய வரிகளை முந்தைய நிதியாண்டின் கணக்கில் தேடிக்கொள்ளுங்கள்.